முதல் ‘டிரைவர்’ வட்டு: வேகமானதைவிடக் கைக்கு ஏற்றதே நல்லது

டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்குவோர் பலரும் செய்யும் முதல் தவறு, திடலில் காலெடுத்து வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. இணையக் கடையில் வரிசையாக வட்டுகளின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள். முதல் எண் வேகத்தைக் குறிக்கிறது என்று தெரிந்ததும், 12 அல்லது 13 என்று போட்டிருக்கும் வட்டைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வேகமான வட்டுதான் வெகுதூரம் போகும் என்பது அவர்களின் கணக்கு.

வட்டு வந்து சேர்கிறது. முழுப் பலத்தோடு வீசினால், சிறிது தூரம் போனதுமே இடப்பக்கம் சாய்ந்து தரையில் விழுகிறது. மீண்டும் வீசினாலும் அதே கதை. பக்கத்தில் நிற்கும் நண்பரின் பழைய ஃபிரிஸ்பீகூட அதைவிட நேராகப் பறக்கிறது. ‘இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவராது’ என்ற முடிவோடு புது வட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது.

உண்மையில் வீசியவரின் திறமையைக் குறைசொல்ல எதுவுமில்லை. அவரது கை தரக்கூடிய வேகத்துக்காக அந்த வட்டு செய்யப்படவில்லை, அவ்வளவுதான். முதல் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், ஆர்வமும் மிஞ்சும்.

கூடையில் முடியும் கோல்ஃப்

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வட்டெறிதலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். டிஸ்க் கோல்ஃப் அதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தொடக்க இடத்திலிருந்து வட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் வீச வேண்டும். இறுதியில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் அதைச் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் சுற்றை முடிப்பவரே வெற்றியாளர். கோல்ஃப் விளையாட்டின் விதிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக வட்டு.

இந்த விளையாட்டு வேரூன்றிய இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். ஃபிரிஸ்பீயைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், 1975ஆம் ஆண்டில் அங்குள்ள ஓக் குரோவ் பூங்காவில் ஆடுகளம் ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். சங்கிலிக் கூடையை உருவாக்கியவரும் அவர்தான். 2002ஆம் ஆண்டில் அவர் காலமானபோது, அவரது விருப்பப்படி அவரது சாம்பல் வட்டுகளில் கலந்து வார்க்கப்பட்டது.

தொடக்கத்தில் சாதாரண ஃபிரிஸ்பீயைக் கொண்டே ஆடினார்கள். 1983ஆம் ஆண்டில் டேவ் டுனிபேஸ் வடிவமைத்த ‘ஈகிள்’ வட்டு அந்த நிலையை மாற்றியது. அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டதுபோல் கூராக இருந்ததால் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது. இன்றைய டிரைவர் வட்டுகள் அனைத்தும் அந்தக் கூர்விளிம்பின் வழிவந்தவை.

இப்போது அமெரிக்காவில் மட்டுமின்றி ஃபின்லாந்து, சுவீடன், எஸ்டோனியா ஆகிய நாடுகளிலும் இந்த விளையாட்டு பரவலாக ஆடப்படுகிறது. எஸ்டோனியாவின் மக்கள்தொகை 1.4 மில்லியனுக்கும் குறைவு. அந்தச் சின்னஞ்சிறு நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டின் தட்டார் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெண்கள் பிரிவில் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார்.

மூன்று வகை வட்டுகள்

டிஸ்க் கோல்ஃப் வட்டுகளைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். கூடைக்கு அருகிலிருந்து போடப் பயன்படுவது ‘பட்டர்’. இடைப்பட்ட தூரத்துக்கு ‘மிட்ரேஞ்ச்’. தொலைவுக்கு வீசுவது ‘டிரைவர்’. பெயரைக் கேட்டு வாகனமோட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்குப் பயன்படும் மட்டையின் பெயர் இங்கே வட்டுக்கும் வந்துவிட்டது.

டிரைவரிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. வேக எண் ஏறத்தாழ 6 முதல் 8 அல்லது 9 வரை உள்ளவை ‘ஃபேர்வே டிரைவர்’. அதற்கு மேற்பட்டவை ‘டிஸ்டன்ஸ் டிரைவர்’. இந்த இரண்டில் எதை முதலில் வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஃபேர்வே டிரைவரின் விளிம்பு ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். டிஸ்டன்ஸ் டிரைவரில் அது 2 சென்டிமீட்டரைத் தாண்டும். சிறிய கை உள்ளவர்களுக்கு அவ்வளவு அகலமான விளிம்பை விரல்களால் இறுகப் பற்றுவதே சிரமம். பிடி தளர்ந்தால் வட்டு நினைத்த திசையில் போகாது.

நான்கு எண்கள் சொல்வது என்ன?

பெரும்பாலான வட்டுகளுக்கு நான்கு எண்கள் தரப்படுகின்றன. அவை வேகம், மிதப்பு, திருப்பம், மங்கல் என்ற வரிசையில் அமையும். வலக்கைக்காரர் புறங்கை வீச்சில் வீசுவதாக வைத்துக்கொண்டு இந்த எண்கள் கணிக்கப்படுகின்றன.

வேகம்: பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் எண் இதுதான். வட்டு தானாக இவ்வளவு வேகத்தில் போகும் என்று இதற்குப் பொருளல்ல. அந்த வட்டு அதன் வடிவமைப்புப்படி பறக்க வேண்டுமானால் வீசுபவர் எவ்வளவு வேகத்தைக் கொடுக்க வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. எண் கூடக்கூட, கையிலிருந்து வட்டு எதிர்பார்க்கும் வேகமும் கூடுகிறது.

மிதப்பு: வட்டு எவ்வளவு நேரம் காற்றில் தங்கும் என்பதைச் சொல்கிறது. பெரும்பாலும் 1 முதல் 7 வரை இருக்கும். வீச்சில் வேகம் குறைவாக இருப்பவர்களுக்கு மிதப்பு கூடுதலான வட்டு பெரிய துணை.

திருப்பம்: வீசியதும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது வட்டு வலப்பக்கம் சாயும் போக்கு. இது பெரும்பாலும் குறை எண்ணாக இருக்கும். எண் -1, -2, -3 என்று இறங்க இறங்க, வலப்பக்கச் சாய்வு கூடும்.

மங்கல்: வேகம் குறைந்து பறப்பு முடியும் தறுவாயில் வட்டு இடப்பக்கம் வளையும் போக்கு. 0 என்றால் ஏறத்தாழ நேராக முடியும். 3, 4 என்றால் கொக்கிபோல் இடப்பக்கம் வளைந்து விழும்.

இடக்கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். வலக்கைக்காரர்கள் முன்கை வீச்சில் வீசினாலும் அப்படியே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த எண்களைத் தருபவை தயாரிப்பு நிறுவனங்கள்தான். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஆகவே, ஒரு நிறுவனத்தின் 7ஆம் எண் வட்டும் மற்றொரு நிறுவனத்தின் 7ஆம் எண் வட்டும் அச்சாக ஒன்றுபோல் பறக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

வேகமான வட்டு ஏன் விழுகிறது?

இதைப் புரிந்துகொள்ளப் பம்பரத்தை நினைத்துப் பார்த்தால் போதும். வேகமாகச் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். அதன் தலையை ஒரு பக்கம் தள்ளினால், தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கே திரும்பும். சுழலும் வட்டுக்கும் இதே இயல்பு உண்டு.

வட்டு வேகமாகப் பறக்கும்போது காற்றின் தூக்குவிசை அதன் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்த விசை வட்டின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தப் பார்க்கும். ஆனால், வட்டு சுழன்றுகொண்டிருப்பதால் முன்னால் கவிழாமல் வலப்பக்கம் சாய்கிறது. இதுதான் திருப்பம். வேகம் குறைந்து வட்டு இறங்கத் தொடங்கும்போது தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்கிறது. அப்போது முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும் விசை, வட்டை இடப்பக்கம் சாய்க்கிறது. இதுதான் மங்கல்.

வேக எண் 12 உள்ள வட்டு, மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படுவதை எதிர்பார்க்கிறது. புதிதாக ஆடுபவரின் வீச்சு அதற்கு வெகு கீழே நிற்கும். அந்த வேகத்தில் வட்டு முதல் கட்டத்தை எட்டுவதே இல்லை. கையைவிட்டுப் புறப்படும்போதே வேகம் இழந்த வட்டுபோல் நடந்துகொண்டு, நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. இடப்பக்கம் சாய்ந்து விழுவதன் காரணம் இதுதான்.

உதாரணத்துக்கு, இன்னோவா நிறுவனத்தின் இரண்டு வட்டுகளை ஒப்பிடலாம். ‘டெஸ்ட்ராயர்’ வட்டின் எண்கள் 12, 5, -1, 3. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரின் பையில் இடம்பெற்ற வட்டு இது. ‘லெப்பர்ட்’ வட்டின் எண்கள் 6, 5, -2, 1. பலம் கொண்ட கையில் டெஸ்ட்ராயர் வெகுதூரம் போகும். புதியவரின் கையில், பெரும்பாலும் லெப்பர்ட்தான் முந்தும். பாதி வேக எண் கொண்ட வட்டு கூடுதல் தூரம் போவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், லெப்பர்ட் எதிர்பார்க்கும் வேகத்தைப் புதியவரால் விரைவில் எட்ட முடியும்.

தூரத்தைவிடப் பெரிய பாதிப்பு பழக்கத்தில் ஏற்படுகிறது. வட்டு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் விழுவதைப் பார்ப்பவர், அதைச் சரிசெய்ய மணிக்கட்டை முறுக்கி வீசத் தொடங்குகிறார். அல்லது உடலைத் திருப்பாமல் கையை மட்டும் பலங்கொண்டு இழுக்கிறார். தோளும் முழங்கையும் வலிக்கின்றன. பிறகு கைக்கேற்ற வட்டு கிடைத்தாலும், படிந்துவிட்ட வீச்சை மாற்ற மாதக்கணக்கில் ஆகலாம். மெதுவான வட்டு அப்படியல்ல. வீச்சில் எங்கே பிசகு என்பதைப் பறப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எடையும் முக்கியம்

எண்களுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது எடை. தொழில்முறைச் சங்கத்தின் விதிப்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை வட்டு எடை இருக்கலாம். டிரைவர்களின் விட்டம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். எனவே, அவற்றின் அதிகபட்ச எடை 175 கிராமை ஒட்டி அமைகிறது.

அதிகபட்ச எடையில் வாங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. புதியவர்களுக்கு 150 முதல் 165 கிராம் வரையிலான டிரைவர் எளிதாக இருக்கும். எடை குறைந்தால் கைக்கு வேகம் கொடுக்க முடியும். வட்டும் எளிதில் மிதக்கும். சிறுவர்களுக்கு அதைவிட இலேசான வட்டுகளும் விற்கப்படுகின்றன. குடும்பமாக ஆட நினைப்பவர்கள், அப்பாவுக்கு வாங்கிய அதே வட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கொடுக்காமல், அவரவர் கைக்கேற்ப வாங்குவது நல்லது. இலேசான வட்டுக்குக் குறை ஒன்று உண்டு: பலத்த காற்றில் அது அலைக்கழியும்.

இளையர்கள் பலருக்கு ‘அல்டிமேட்’ ஃபிரிஸ்பீ ஆடிய பழக்கம் இருக்கலாம். அந்த ஆட்டத்தின் வட்டும் 175 கிராம்தான். ஆனால், விட்டம் 27 சென்டிமீட்டர். அதே எடை சிறிய, கூரிய வட்டில் அடங்கும்போது பறப்பே மாறிவிடும். அல்டிமேட் ஆடியவருக்குச் சுழற்சி கொடுக்கும் பழக்கம் இருக்கும் என்பது அனுகூலம். ஆயினும், வட்டின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வீசும் பழக்கமும் கூடவே வரும். டிரைவரை அப்படி வீசினால், மேலே ஏறி நின்று இடப்பக்கம் சரிந்துவிடும். ஆகவே, அவர்களும் ஃபேர்வே டிரைவரிலிருந்து தொடங்குவதே நல்லது.

எந்தப் பிளாஸ்டிக்?

ஒரே வட்டு பல வகைப் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். அடிப்படை வகை மலிவானது, கைக்கு நல்ல பிடிமானம் தரும், ஆனால் மரத்திலும் கல்லிலும் மோதி விரைவில் தேயும். உயர்வகை நெடுநாள் உழைக்கும், விலையும் கூடுதல். அமெரிக்காவில் அடிப்படை வகை ஏறத்தாழ 10 டாலருக்கும், உயர்வகை 20 டாலரை ஒட்டியும் விற்கப்படுகின்றன.

முதல் வட்டுக்கு அடிப்படை வகையே போதும். தேய்மானம்கூடப் புதியவருக்கு ஒரு வகையில் உதவியே. தேயத் தேய வட்டின் இடப்பக்க வளைவு குறைந்து, மெதுவான வீச்சுக்கு மேலும் இணங்கி வரும்.

நம் வட்டாரப் பருவநிலைக்கு ஏற்பச் சில கவனிப்புகள் தேவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வட்டைப் போட்டு வைத்தால் வடிவம் நெளியக்கூடும். மழையில் நனைந்த வட்டு கையிலிருந்து வழுக்கும். பையில் ஒரு துண்டு இருக்கட்டும். பச்சை வட்டு புல்லில் மறைந்துவிடும் என்பதால் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களே சிறந்தவை. பெரும்பாலான வட்டுகள் தண்ணீரில் மூழ்கிவிடும். குளம், கால்வாய் அருகே பழகாமல் இருப்பது நல்லது. வட்டின் உட்புறத்தில் அழியாத மையால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்பது இந்த ஆட்டத்தில் எங்கும் உள்ள வழக்கம்.

வாங்கும் வரிசை

டிரைவருக்கு முன்பே ஒரு பட்டரும் ஒரு மிட்ரேஞ்ச் வட்டும் கையில் இருப்பது நல்லது. வேகம் குறைந்த அந்த வட்டுகளை நேராக வீசப் பழகியவருக்கு டிரைவர் விரைவில் வசப்படும். மூன்றும் சேர்ந்த தொடக்கத் தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. லெப்பர்ட் டிரைவரும், ‘ஷார்க்’ மிட்ரேஞ்சும், ‘ஏவியார்’ பட்டரும் அடங்கிய இன்னோவாவின் தொகுப்பு அவற்றுள் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவே ஒரு வட்டின் விலையை எட்டிவிடலாம் என்பதால், மூன்றையும் சேர்த்து வாங்குவது சிக்கனமும்கூட.

டிரைவரைத் தனியாக வாங்குவோர், வேகம் 6 அல்லது 7, மிதப்பு 5 அல்லது அதற்கு மேல், திருப்பம் -1 முதல் -3 வரை, மங்கல் 1 என்ற அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். லெப்பர்ட் தவிர, லேட்டிட்யூட் 64 நிறுவனத்தின் ‘ரிவர்’ வட்டும் இந்த வரம்புக்குள் வருவதுதான். அதன் எண்கள் 7, 7, -1, 1.

வாய்ப்பிருந்தால் வாங்குவதற்குமுன் நண்பரின் வட்டை இரவல் வாங்கி வீசிப் பார்க்கலாம். காற்று அதிகமில்லாத நாளில், முக்கால் பலத்தில், பத்து முறை வீசினால் போதும். வட்டு சற்றே வலப்பக்கம் போய், பிறகு இடப்பக்கம் திரும்பி முடிந்தால் அது கைக்குப் பொருந்துகிறது என்று பொருள். பத்து முறையும் எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் சரிந்தால், வட்டு வேகமானது அல்லது வீசும்போது முன்பக்கம் தூக்கியிருக்கிறது. வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டால், மணிக்கட்டு புரள்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த வட்டுக்கு எப்போது போகலாம்? ஃபேர்வே டிரைவரில் 75, 80 மீட்டர் தூரம் தொடர்ச்சியாக வந்த பிறகு வேகம் 9 பக்கம் பார்க்கலாம். 100 மீட்டரை நெருங்கிய பிறகு 11, 12 என்று போகலாம். இது பரவலாகச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. ஒரு முறை வந்த தூரத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது. 100 மீட்டரை எட்டாவிட்டாலும் குறையில்லை. பல ஆண்டுகளாக ஃபேர்வே டிரைவரைக் கொண்டே மகிழ்ச்சியாக ஆடுவோரும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களும் குறுகலான பாதைகளில் வேகமான வட்டை ஒதுக்கிவிட்டு ஃபேர்வே டிரைவரையே எடுக்கிறார்கள்.

பொது இடத்தில் கவனம்

டிரைவர் வட்டு விளையாட்டுப் பொருள்தான். ஆனால் கூரிய விளிம்பும் 150 கிராமுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. ஒருவர் முகத்தில் பட்டால் பலத்த காயம் உண்டாகும். புதியவரின் வீச்சு எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே, நடைப்பயிற்சி செய்வோரும் பிள்ளைகளும் இருக்கும் பூங்காவில் டிரைவரை எடுக்கக்கூடாது. பயன்படுத்த அனுமதி உள்ள, ஆளில்லாத பரந்த திடலே அதற்கு ஏற்றது. வீசுவதற்குமுன் முன்னால் மட்டுமின்றி இரு பக்கங்களிலும் பார்க்க வேண்டும். வட்டு யார் பக்கமாவது திரும்பிவிட்டால், கோல்ஃப் ஆட்டத்தில் போலவே ‘ஃபோர்!’ என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

தோள், முதுகு, இடுப்பு ஆகியவற்றைத் தளர்த்தும் பயிற்சியைச் செய்துவிட்டே வீசத் தொடங்க வேண்டும். நீண்ட நாள் உடற்பயிற்சி இல்லாதவர்கள் முதல் சில நாள்களுக்குப் பாதி பலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

ஏற்கெனவே அவசரப்பட்டு வேக எண் 12 கொண்ட வட்டை வாங்கி, அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டாம். ஒரு ஃபேர்வே டிரைவரை வாங்கி, ஓராண்டு பழகிவிட்டு அதே திடலில் அதை மறுபடியும் வீசிப் பார்க்கலாம். அப்போதும் அது இடப்பக்கம் விழுந்தால், இன்னும் சில மாதங்கள் அலமாரியில் இருக்கட்டும். வட்டு கெட்டுப்போகும் பொருளல்ல.